மறுபடியும் இ மைனரிலிருந்து

மனம் சோர்ந்தால் பசி போகும், தூக்கம் போகும் என்பார்கள். எனக்கு அவை இரண்டுக்கும் முன்னால் போனது கிட்டார். கை ஒடியவில்லை, யாரும் வேண்டாமென்று தடுக்கவில்லை. சென்னை வாடகை வீட்டில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உறையோடு சாய்த்துவைத்தேன், அப்படியே நின்றுவிட்டது. முதலில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு என்று நினைத்துக்கொண்டேன். போகப்போக எந்தக் காரணமும் தேவைப்படவில்லை. அந்த மூலையைப் பார்க்காமலே அறையைக் கூட்டிப் பெருக்கப் பழகிவிட்டேன்.

வீணை, வயலின், ஓவியம், கோலம் என்று இப்படி ஏதோ ஒன்றைச் சுவரோரம் சாய்த்துவைத்தவர்கள் பலரை இதற்குள் பார்த்துவிட்டேன். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மனம் சரியானதும் எடுப்பேன்." எனக்குத் தெரிந்தவரை அந்த வரிசையில் அது நடப்பதில்லை. கை முதலில் போகவேண்டும். மனம் வெகுநாள் கழித்து, தயங்கித் தயங்கித்தான் பின்னால் வருகிறது. கையை அனுப்புவதற்கும் எனக்கு இரண்டு பேர் துணை வேண்டியிருந்தது.

நான் கிட்டார் பழகியது பாளையங்கோட்டையில், தேவாலய இளைஞர் குழுவில். ஊசிக்கோபுரத்து மணி கேட்கும் தெருக்களில் அன்று கிட்டார் பழகப் பணம் கட்டி வகுப்புக்குப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. பாடகர் குழுவில் மூத்தவர் யாராவது ஜி, சி, டி என்று மூன்று கார்ட்களை, அதாவது பல கம்பிகளை ஒருசேர ஒலிக்கவைக்கும் விரல்பிடிகளைக் காட்டிக்கொடுத்து, "கிறிஸ்துமஸுக்குள் தேறிவிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். டிசம்பரில் கேரல் பவனி. சமாதானபுரம், முருகன்குறிச்சி, பெருமாள்புரம் என்று வீடு வீடாக நடுராத்திரி தாண்டியும் பாடுவோம். பனியில் சுதி விலகிக்கொண்டே இருக்கும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே தெருவிளக்கடியில் நின்று அவசர அவசரமாகச் சேர்த்துக்கொள்வோம். மேளம் அடிப்பவர் பொறுமையிழந்து தட்ட ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் குழுவில் என் பக்கத்தில் நின்று வாசித்தவன் இப்போது அதே ஊரில் பள்ளி ஆசிரியர். எங்களைவிட ஆறேழு வயது மூத்தவர், பெண்களின் மேல்குரலான சோப்ரானோ பாடிய அக்கா. இப்போது மருத்துவமனையில் செவிலியர். மூவரும் ஞாயிறு இரவுகளில் வாட்ஸ்அப்பில் கூடிப் பேசுவது வழக்கம். நான் பேச்சைக் குறைத்தேன், பிறகு அழைப்பை எடுப்பதையும் விட்டேன். அப்போது அவர்கள் இருவரும் இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள். இரண்டுமே எனக்குத் தேவைப்பட்டன.

நண்பன் எதையும் கேட்கவில்லை. சில நாட்களுக்கு ஒருமுறை அரை நிமிடத்துக்கும் குறைவான ஒலிப்பதிவு ஒன்று வரும். அவன் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கும் துண்டு. நடுவில் தப்பு வரும், திரும்ப ஆரம்பிப்பான், யாரோ வாசலில் பால் கேட்பார்கள், பதிவு நின்றுவிடும். "எப்படி இருக்கிறாய்?" என்ற கேள்வி அதோடு வராது. பதில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லாததால்தான் அதைக் கேட்க முடிந்தது. சோர்வில் இருப்பவனுக்கு அன்பான விசாரிப்புகூடப் பாக்கியாகிச் சேர்ந்துபோகிறது. பதில் சொல்லாத ஒவ்வொரு செய்தியும் அடுத்ததைத் திறக்கவிடாமல் செய்கிறது. அவன் அந்தச் சுமையை என்மேல் ஏற்றவில்லை.

அக்கா வேறு மாதிரி. ஓர் இரவு தொடர்ந்து அழைத்துக்கொண்டே இருந்து, எடுக்கவைத்து, நேராகக் கேட்டார்: "இப்படி இருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதா? பிடித்த காரியத்தில் ஆசை இருக்கிறதா? செத்துப்போனால் தேவலாம் என்று தோன்றுகிறதா?" மூன்றாவது கேள்வியை அவர் குரலைத் தாழ்த்தாமல், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதுபோலவே கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது உண்மையல்ல என்பது மனநல மருத்துவத்தில் நன்றாக நிலைபெற்ற விஷயம். கேட்பது ஆளைக் காப்பாற்றக்கூடும். எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. ஆனால் அப்படி ஒருவர் கேட்டதே, பல மாதங்களாக "உனக்கு என்ன குறை?" என்று மட்டுமே கேட்டுவந்த காதுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

அக்கா கேட்ட கேள்விகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.க்யூ–9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடவேண்டும். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. அதில் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் மொத்தக் கூட்டலைப் பார்க்காமல் உடனே உதவி தேடவேண்டும். அந்தத் தாளின் முதல் கேள்வி, சோகமாக இருக்கிறதா என்பதல்ல. காரியங்களில் ஆர்வமோ இன்பமோ குறைந்துவிட்டதா என்பது. அதைப் படித்தபோது அலமாரிக்குப் பின்னால் நின்ற கிட்டாரைப் பற்றி எனக்கிருந்த குற்ற உணர்வு பாதி குறைந்தது. வாசிக்காமல் இருந்ததைச் சோம்பல் என்றும் நன்றிகெட்டதனம் என்றும் நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அது நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று.

மருத்துவரைப் பார்த்தேன். முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் இதே மாதிரிச் சோர்வு வரும் என்றார். எனக்கு பி12 குறைவாகத்தான் இருந்தது, ஆனால் அது மட்டுமே காரணமில்லை. மாத்திரையும் தந்தார். இந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும் என்பதையும், நன்றாக இருக்கிறதே என்று திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதையும் சொல்லியனுப்பினார். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இசையே மருந்து, கிட்டாரை எடு எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை நம்பி எடுத்து, எடுத்தும் சரியாகவில்லை என்றால், கடைசிக் கதவும் அடைபட்டதாக ஒருவர் நினைத்துவிடக்கூடும். மருந்து மருந்தின் வேலையைச் செய்யட்டும். கிட்டார் செய்வது வேறு.

வெளியூரில் தனியாக இருப்பவர்களுக்கு: 14416 என்ற டெலி மானஸ் எண், தொலைபேசியில் மனநல உதவிக்காக மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் இருந்தால் சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044–24640050 எண்ணும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

இரண்டாவது முறை பார்த்தபோது மருத்துவர், முன்பு பிடித்திருந்த ஒரு காரியத்தைச் சொல்லச் சொன்னார். கிட்டார் என்றேன். "பிடிக்கவேண்டும் என்று எதிர்பார்க்காமல், தினம் ஒரே நேரத்தில் கொஞ்ச நேரம் தொடுங்கள். பல் தேய்ப்பதற்கு ஆசை வரும்வரை காத்திருப்பதில்லையே" என்றார். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சோன் 1970களில் வளர்த்தெடுத்த கருத்து இதன் பின்னால் இருக்கிறது. சோர்வு வரும்போது செயல் குறைகிறது. செயல் குறைவதால் வாழ்க்கையில் கிடைக்கும் சின்னச் சின்ன நிறைவுகள் குறைகின்றன. அதனால் சோர்வு கூடுகிறது. இந்தச் சுற்றை எங்காவது உடைக்கவேண்டும் என்றால், மனநிலையைக் கட்டளையிட்டு மாற்ற முடியாது, செயலை மட்டும்தான் நம் கையால் தொடங்க முடியும்.

அன்று இரவு உறையைத் திறந்தேன். கம்பிகள் கறுத்திருந்தன. முதல் இரண்டு கம்பிகளில் விரலை ஓட்டினால் சொரசொரவென்று துரு ஒட்டியது. நெக் என்ற கழுத்துக் கட்டை லேசாக முன்னால் வளைந்து, அதில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களில் பன்னிரண்டாவதில் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர் இடைவெளி. அந்த உயரத்தில் யார் அழுத்தினாலும் விரல் கிழியும். இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது: வெகுநாள் கழித்து எடுக்கிறவர்கள் முதலில் கருவியைச் சரிசெய்துகொள்ளுங்கள். பயிற்சி அதற்குப் பிறகு. கெட்ட நிலையில் இருக்கும் கிட்டாரை வாசித்துப் பார்த்து, "எனக்குப் போய்விட்டது" என்று முடிவுகட்டி மூடிவைத்தவர்களை எனக்குத் தெரியும். போனது கம்பி.

பழுதுபார்ப்பவர் நெக்கின் உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டை அலன் சாவியால் கால் சுற்று திருப்பினார். கொஞ்ச நேரம் விட்டு, அளந்து, மறுபடி கால் சுற்று. ஒரே மூச்சில் திருகினால் நெக் பாழாகிவிடும், தெரியாதவர்கள் கைவைக்கக்கூடாது. கம்பிகளின் கீழ்முனை மாட்டியிருக்கும் பிரிட்ஜில் உள்ள வெள்ளைப் பட்டையைக் கீழ்ப்புறம் தேய்த்து உயரத்தைக் குறைத்தார். இடைவெளி இரண்டரை மில்லிமீட்டருக்கு இறங்கியது. பழைய தடிமனான 12–53 அளவுக் கம்பிக்குப் பதிலாக மெல்லிய 10–47 அளவு போடச் சொன்னேன். ஓசை கொஞ்சம் மெலியும், உண்மைதான். ஆனால் மெலிந்த ஓசையில் தினமும் வாசிப்பது, கனத்த ஓசையோடு மூடிவைப்பதைவிட மேல்.

இன்னொரு வழியை நண்பன் சொன்னான். எல்லாக் கம்பிகளையும் அரை சுருதி, அதாவது ஒரு ஃப்ரெட் அளவு இறக்கிவைத்து, முதல் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பை மாட்டிக்கொள்ளச் சொன்னான். சுருதி பழையபடியே கேட்கும், ஆனால் கம்பியின் இழுவிசை குறைந்திருக்கும், ஃப்ரெட்களுக்கு நடுவே உள்ள தூரமும் கொஞ்சம் சுருங்கும். விரல் தோல் தேறும்வரை இப்படித்தான் வாசித்தேன். புதுக் கம்பி முதல் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும், சேர்த்த சுதி நிற்காது. அதைப் பார்த்து மனம் தளரக்கூடாது. ஒவ்வொரு கம்பியையும் மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் சீக்கிரம் நிலைபெறும்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மரக் கருவிக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் ஏற்றது என்பார்கள். சென்னைக் காற்று பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. ஆகவே உறைக்குள் சிலிக்கா ஜெல் பையோடு மூடிவைப்பதே கிட்டாருக்கு நல்லது. நான் அதற்கு மாறாக ஒரு சாதாரண ஸ்டாண்ட் வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வெயிலும் ஏசி காற்றும் நேராகப் படாத இடம், அவ்வளவுதான். ஜிப்பைத் திறப்பதுகூட மலையாகத் தெரியும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கையெட்டும் தூரத்தில் இருந்தால்தான் எடுக்கத் தோன்றும்.

வலி பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இடைவெளி விட்டவருக்கு விரல்நுனிக் காய்ப்பு முழுக்கப் போய்விடும், தோல் குழந்தைத் தோலாகிவிடும். மறுபடி இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை பத்து நிமிடம் போதும். இன்னும் வாசிக்கலாமே என்று தோன்றும்போதே நிறுத்திவிடுவது நல்லது. மறுநாள் எடுக்க அந்த மிச்ச ஆசை உதவும். குளித்து முடித்த கையோடு வாசிக்காதீர்கள், ஊறிய தோலைக் கம்பி அறுத்துவிடும். விரல்நுனி எரிவது இயல்பு. மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்துப்போனாலோ அது வேறு, உடனே நிறுத்திவிடவேண்டும்.

இ மைனரில் தொடங்கினேன். இரண்டு விரல், ஐந்தாவது நான்காவது கம்பிகளில் இரண்டாவது ஃப்ரெட், மீதி நான்கும் திறந்த கம்பிகள். ஆறு கம்பியும் பேசும். எஃப் வரும் இடங்களில் ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பியையும் ஒருசேர அழுத்த முயலாமல், கீழ் நான்கு கம்பிகளில் மட்டும் எஃப் மேஜர் 7 பிடித்தேன். அதைக் குறுக்குவழி என்று சொல்லும் கிட்டார்காரர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, அது காதுக்கு இனிமையான முழுமையான கார்ட் என்பதுதான். ஓர் ஆச்சரியம்: வலது கை எதையும் மறந்திருக்கவில்லை. மேலும் கீழுமாக அடிக்கும் தாளம் முதல் நாளே வந்தது. இடது கைதான் ஒவ்வொரு கார்ட்டுக்கும் நின்று நின்று இடம் தேடியது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒரு கார்ட்டுக்கு நான்கு தட்டு என்று மெதுவாக நகர்ந்தேன்.

பழைய பாட்டுகளில் தொடங்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேரலில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த பாட்டு ஒன்றை இரண்டாவது வாரம் எடுத்தேன். கை எங்கே தடுக்கும் என்று காதுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, தடுக்கிய ஒவ்வோர் இடத்திலும் நான் முன்பு இருந்த அந்தப் பழைய ஆள் பக்கத்தில் நின்று வாசித்துக்காட்டினான். அன்று இரவு தூக்கம் கெட்டது. அதை நண்பனிடம் சொன்னபோது, "நீ இதுவரை வாசிக்காத பாட்டு ஒன்றை எடு. அதில் உன்னோடு போட்டிபோட யாரும் இல்லை" என்றான். புதிதாக ஒரு கீர்த்தனையை எடுத்தோம். ராகத்தில் அமைந்த மெட்டுக்குக் கார்ட் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஒரே அடியில் மேஜரா மைனரா என்று சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தைத் தொலைபேசியில் வாதாடித் தீர்ப்பதிலேயே எங்கள் ஞாயிறு இரவுகள் திரும்ப உயிர்பெற்றன. அந்தப் பேச்சில் என் மனநிலை பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவன் அடிக்கடி சொன்ன இரண்டு கதைகள் உண்டு. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் மேதை 1928இல் தன் வண்டிவீட்டில் தீப்பிடித்து, இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போக, மீதி இரண்டு விரல்களைக் கொண்டு தனிப்பாடல்கள் வாசிக்கும் புது முறையை உருவாக்கிக்கொண்டார். பாட் மார்ட்டினோ என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர் 1980இல் மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பின் நினைவை இழந்து, தாம் வாசித்த பழைய இசைத்தட்டுகளைத் தாமே கேட்டுக் கிட்டாரைத் திரும்பக் கற்று, 1987இல் மேடைக்கு வந்தார். இந்தக் கதைகளைச் சொல்லி "அவர்களே வாசித்தார்கள், உனக்கென்ன" என்று மிரட்டுவது மகா தவறு என்று நினைக்கிறேன். என்னைத் தொட்டது காலக்கணக்கு. ஜாங்கோ ஒன்றரை ஆண்டு படுக்கையில் இருந்தார். மார்ட்டினோவுக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. விட்ட இடைவெளியை எண்ணி வெட்கப்படுவதற்கு அங்கே இடமே இல்லை.

எல்லா நாளும் வாசிப்பு நன்றாக அமையவில்லை. பத்து நிமிடமும் சுதி மட்டும் சேர்த்துவிட்டு வைத்த நாட்கள் நிறைய. ஐந்தாவது கம்பியை 110 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து, சுதி காட்டும் டியூனரில் முள் நடுவில் நிற்பதைப் பார்த்து, மற்றவற்றைக் காதால் சேர்ப்பேன். அடுத்தடுத்த இரண்டு கம்பிகள் சேரும் நேரத்தில், அதுவரை அலைஅலையாகத் துடித்த ஓசை மெல்ல மெல்ல வேகம் குறைந்து ஒரே கோடாக நிற்கும். அந்த இடத்தைக் காது கண்டுபிடிக்கும்போது ஒருகணம் வேறெதுவும் மனதில் இருக்காது. அந்த ஒருகணத்தைத்தான் நான் முதலில் திரும்பப் பெற்றேன். மகிழ்ச்சி என்று சொல்லக்கூடியது வந்தது வெகுநாள் கழித்து, ஒரு மழை நாளில், எதிர்பாராத ஒரு கார்ட் மாற்றத்தில். வந்தது தெரிந்ததும் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு அக்காவை அழைத்துச் சொன்னேன். அவர் பணி நேரத்தில் இருந்தார், "சரி, மாத்திரை போட்டாயா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது நண்பனுக்குச் சரியில்லை. பள்ளியில் ஏதோ பிரச்சினை, வீட்டிலும் கொஞ்சம் சிக்கல். ஒலிப்பதிவுகள் வருவது நின்றன, ஞாயிறு இரவில் அவன் வரவில்லை. அக்கா வழக்கம்போல நேராக அழைத்து, கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டார். திருநெல்வேலியில் மருத்துவரைப் பார்க்க அவனோடு போயும் வந்தார். நான் எதையும் கேட்கவில்லை. சில நாட்களுக்கு ஒருமுறை, கட்டிலோரம் உட்கார்ந்து, அந்தக் கீர்த்தனையின் ஒரு துண்டை வாசித்துப் பதிவுசெய்து அனுப்புகிறேன். குக்கர் சத்தமும் சேர்ந்தே போகிறது.

போன வாரம் ஒரு வரி பதில் வந்தது: "சரணத்தில் இரண்டாம் அடிக்கு நீ சி பிடிக்கிறாய். அது ஏ மைனர்." வாசித்துப் பார்த்தேன். ஏ மைனர்தான்.